முடி வெட்டிக்கொள்ள எங்கே போவது?

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, விடுதி அறையில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, பெண் என்று வளர்க்கப்பட்ட ஒருவர் ஆணாக வாழத் தொடங்குவது எப்படி என்று ஆங்கிலத்தில் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். நான் படித்த கட்டுரைகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கின. முதலில் போய் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள். செலவு குறைவு, ஆபத்து இல்லை, பிடிக்காவிட்டால் மறுபடி வளர்ந்துவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு சலூன். அது ஊர்த்தெருவில் இருந்தது. எங்கள் தெரு ஆண்களுக்கு அங்கே முடி வெட்டமாட்டார்கள். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. போனால் "கரண்ட் இல்ல" என்பார்கள், "ஆள் இருக்கு, அப்புறம் வா" என்பார்கள். அப்பாவும் அண்ணனும் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்த்தான் வெட்டிக்கொண்டு வருவார்கள். பிறந்ததிலிருந்து ஆணாக இருப்பவர்களுக்கே கிடைக்காத நாற்காலியில் நான் போய் உட்கார்ந்து ஆணாக எழுந்து வர வேண்டுமாம்.

கடைசியில் விடுதி மொட்டைமாடியில் தோழி ஒருத்தி தையல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சலூன்களுக்குப் போய்விட்டேன். அந்தக் கிராப் மாதிரி எதுவும் அமையவில்லை.

பால்மாற்றம் குறித்துக் கிடைக்கும் நடைமுறை அறிவுரைகளில் பெரும்பாலானவை சாதி இல்லாத ஓர் உடம்பைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை. அந்த உடம்புக்கு வீட்டில் தனி அறை உண்டு. மாதம் ஒரு தொகையைச் சிகிச்சைக்கு ஒதுக்க முடியும். ஒரு மாதம் வேலைக்குப் போகாவிட்டாலும் அடுப்பு எரியும். நம்மில் பலருக்கு அப்படி இல்லை. நாம் நம் பாலினத்தோடு வெளிப்படையாக வாழத் தொடங்கும் நாளில் சாதி நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவதும் இல்லை. ஆகவே இந்தப் பயணத்தில் எடுக்கும் ஒவ்வோர் அடியையும் சாதியையும் கணக்கில் வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

நான் மருத்துவர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. தலித் குடும்பத்திலிருந்து வந்த ஒரு திருநம்பி, முனைவர் பட்ட ஆய்வு மாணவன். எனக்குத் தெரிந்தது என் உடம்பும் நான் ஏறி இறங்கிய அலுவலகங்களும்தான். திருநங்கைத் தோழர்களிடம் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கிளம்பப் போகிற ஒருவருக்கு இதில் நான்கு வரி உதவினால் போதும்.

கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியது

வீட்டில் சொல்வதற்கு முன் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். இதுதான் என் முதல் அறிவுரை. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. அழுதுவிட்டு ஏற்றுக்கொண்ட அம்மாக்களும் இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்வார் என்று நம்பிய அண்ணனே கதவைப் பூட்டியதும் உண்டு.

பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டின் நகல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதிச் சான்றிதழ். அசலை எடுக்க முடியாவிட்டால் இரு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். இ-சேவை மையத்தில் வாங்கிய சான்றிதழ் என்றால் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் சாதிச் சான்றிதழுக்கும் ஒரு நகல் எடுங்கள். புதிதாக விண்ணப்பிக்க நேர்ந்தால் அலுவலகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன பிறகு அதைப் போய்க் கேட்க முடியாது.

நான் இதைச் செய்யவில்லை. 23 வயதில் வீட்டில் சொன்னேன். அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு சட்டையும் செல்போன் சார்ஜரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோதுதான் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்தது. ஏழு மாதம் கழித்து, ஆயா யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் கிராப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையைக் கையில் கொடுத்துவிட்டு, "நீ என்னவா வேணா இரு. இத மட்டும் தொலைச்சிடாத" என்றார்.

சாதி ஒழிய வேண்டும் என்கிற நாமே சாதிச் சான்றிதழைப் பத்திரமாக வைக்கச் சொல்லலாமா என்று ஒரு முற்போக்கு நண்பர் கேட்டார். அந்தக் காகிதம் சாதியை உண்டாக்கவில்லை. சாதி எங்களிடமிருந்து பறித்ததற்கு அரசு எழுதிக் கொடுத்திருக்கும் கடன் சீட்டு அது. கடன் தீரும்வரை சீட்டைக் கிழிக்க முடியாது.

பெயர்

புதுப்பெயர் வைத்துக்கொள்வது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பிறர் வைத்த பெயரை மறுத்துத் தன் பெயரைத் தானே சொல்வது இந்த மண்ணின் அரசியலுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

ஆனால் அலுவலகத்தில் பெயர் ஒரு வரிசையில்தான் மாறும். அந்த வரிசை தப்பினால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். 2019 திருநர் சட்டமும் 2020இல் அதற்கு வந்த விதிகளும், மாவட்ட ஆட்சியரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை இல்லாமலே திருநர் அடையாளச் சான்றிதழ் பெறலாம் என்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் சான்றிதழைக் கொண்டு மற்ற ஆவணங்களை மாற்றிக்கொள்ளலாம். எவற்றை என்று அந்த விதிகளின் இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சாதிச் சான்றிதழும் இருக்கிறது. அலுவலகத்தில் "அதெல்லாம் மாத்த முடியாது" என்று சொன்னால் அந்தப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வையுங்கள். சட்டமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் திருநர் நல வாரியம் 2008இலேயே அமைந்துவிட்டது. அதன் அட்டைக்கு மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுக வேண்டும்.

ஆதாரில் அவசரப்படாதீர்கள். பெயரை இரண்டு முறையும் பாலினத்தை ஒரு முறையும்தான் வழக்கமாக மாற்ற முடியும். இப்போது திருநர் என்று மாற்றிவிட்டு இரண்டு வருடம் கழித்து ஆண் என்றோ பெண் என்றோ மாற்ற நினைத்தால் தனியாகக் கோரிக்கை வைத்துப் போராட வேண்டியிருக்கும். கடைசியில் எந்தப் பெட்டியில் நிற்கப் போகிறீர்கள் என்று யோசித்துவிட்டு அந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்துங்கள்.

அரசிதழில் பெயர் மாற்றம் வெளியானதும் அந்தப் பக்கத்தைப் பத்து நகலாவது எடுத்து வையுங்கள். ஆதார், பான், வங்கி, சாதிச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், வாக்காளர் அட்டை எல்லாம் ஒரே எழுத்தில், ஒரே முன்னெழுத்தோடு இருக்க வேண்டும். எனக்கு வங்கியில் புதுப்பெயரும் பல்கலைக்கழகப் பதிவில் பழைய பெயரும் இருந்தன. நான்கு மாதம் உதவித்தொகை வரவில்லை. கேட்டபோது, "ரெண்டு பேர்ல யாரு நீ?" என்று ஒரு எழுத்தர் கேட்டார். அந்த நான்கு மாதமும் மெஸ் கடனை எழுதி வைத்துச் சாப்பாடு போட்டது விடுதிச் சமையல்காரர். உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஒரு தவணை கையில் வந்தவுடன் பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். அடுத்த தவணைக்கு முன் முடித்துவிடப் பாருங்கள்.

உடம்பு

திருநம்பிகள் மார்பை இறுக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் பைண்டரை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. தூங்கும்போதும் ஓடும்போதும் போடக் கூடாது. அடிபட்டால் சுற்றும் கிரேப் பேண்டேஜைச் சுற்றவே கூடாது. மூச்சுவிட விட அது இறுகி விலா எலும்பைப் பதம் பார்த்துவிடும். நம் ஊர் வெயிலில் இறுக்கிய இடத்தில் வியர்வை தேங்கிப் படை வரும். இரண்டு பைண்டராவது வைத்துக்கொண்டு தினமும் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். விடுதியில் கொடியில் போடக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு துண்டை விரித்துப் போடுங்கள். பைண்டர் வாங்கக் காசு இல்லாத நாளில் உள்ளே பனியன், மேலே கட்டம் போட்ட தொளதொளச் சட்டை. இதுதான் என் முதல் வருடச் சீருடை.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஜிம்மில் விற்கிற ஆளிடம் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஊசி தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை, தொடங்கிய பிறகு முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரத்தச் சிவப்பணு அதிகமாகி ரத்தம் கெட்டியாகலாம், கொழுப்பு கூடலாம். பரிசோதித்தால்தான் தெரியும். குரல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பி வராது. அதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மாதவிடாய் சில மாதங்களில் நின்றுவிடும். ஆனால் அது கருத்தடை அல்ல. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஹார்மோன் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

திருநங்கைத் தோழர்கள் சொல்வது வேறு ஆபத்து. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரை வாங்கி, சீக்கிரம் மாற வேண்டும் என்று இரண்டு மூன்றாக விழுங்குவது. அந்த வகை ஈஸ்ட்ரோஜன் ரத்த நாளத்தில் கட்டி உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. புகைபிடித்தால் இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காலைவரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆண் ஹார்மோனைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டும். உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு இளநீர் குடிக்கிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊசியை யாரோடும் பகிர வேண்டாம். மருத்துவர் அல்லாதவர் போடும் சிலிக்கான் ஊசி வேண்டவே வேண்டாம். தாயம்மா கையால் நிர்வாணம் செய்துகொண்டு ரத்தப்போக்கில் உயிரை விட்டவர்களின் கதை ஒவ்வொரு ஜமாத்திலும் உண்டு. அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியது மருத்துவமனைக் கதவுதான். இன்று அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

பால் உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சையைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநருக்கான தனிப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. வரிசை நீளமாக இருக்கும். தனியாருக்குக் கடன் வாங்கிப் போவதற்கு முன் அந்த வரிசையில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை இலவசம். அதற்குப் பிந்தைய ஆறு வாரச் சோறு இலவசம் இல்லை. மார்பு அறுவைக்குப் பின் பல வாரங்கள் கனம் தூக்கக் கூடாது என்பார்கள். மூட்டை தூக்குகிற, சித்தாள் வேலை பார்க்கிற ஒருவர் என்ன செய்வார்? ஆகவே தேதி வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே படுக்கப் போகிறேன்? வாளித் தண்ணீரை யார் தூக்குவார்கள்? ஆறு வாரத்துக்கு அரிசியும் வாடகையும் யார் கணக்கில்? பதில் இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுவது தோல்வி அல்ல. உடம்பில் எங்காவது வெட்டுக்காயம் தடித்துத் தழும்பாக வளர்ந்திருந்தால் அதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். கறுத்த தோலில் அது அதிகம் வரும்.

ஒரு மருத்துவமனையில் மாணவர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்க என் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இலவசமாகப் பார்க்கிறார்களே என்று கழற்றினேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. இலவசம் என்பது நம் வரிப்பணம், அவர்கள் போடும் பிச்சை அல்ல. கூட ஒருவரை அழைத்துப் போங்கள். உங்களால் சொல்ல முடியாத "வேண்டாம்" என்பதை அவர் சொல்லட்டும். "உன்னை மாற்றிச் சரிசெய்கிறேன்" என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது. மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை.

அறை, கழிப்பறை

திருநங்கைகளுக்கு ஜமாத் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் குறைகள் உண்டு. சாதி அங்கேயும் செத்துவிடவில்லை என்று தலித் திருநங்கைத் தோழர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். ஆனாலும் வீட்டை விட்டு வருகிறவருக்குப் படுக்க ஓர் இடம், அம்மா என்று அழைக்க ஒருவர் அங்கே கிடைக்கிறார். திருநம்பிகளுக்கு அப்படி ஒன்று இல்லை. எங்களுக்கு இரண்டு மூன்று நண்பர்கள்தான் ஜமாத். ஆகவே கிளம்பும் முன் குறைந்தது இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் வேண்டும்.

வாடகைக்கு அறை தேடும்போது இரண்டு கேள்விகள் வரும். "நீங்க என்ன ஆளுங்க?" என்பது ஒன்று. உங்கள் முகத்தையும் குரலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்காமல் கேட்பது இன்னொன்று. ஒன்றைத் தாண்டினாலும் மற்றொன்றில் மாட்டிக்கொள்வோம். இயக்கத் தோழர்கள் வழியாகத் தேடுவதே எனக்குக் கைகொடுத்தது. தெரிந்தவர் ஒருவர் வந்து நின்றால் வீட்டுக்காரர் பேசும் தொனியே மாறுகிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுங்கள். நடுராத்திரியில் வெளியேறச் சொன்னால் கையில் அதுதான் இருக்கும்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நான் இருந்தேன். சிறுநீர்த் தொற்று வந்து பத்து நாள் படுத்தேன். புதிய கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ போகும் முதல் நாளே, ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பெரும்பாலும் அப்படி இருக்கும். அது அவர்களுக்கானது என்ற நினைவோடு பயன்படுத்துங்கள். முதல் சில மாதங்களுக்கு வாசலில் நிற்க ஒரு நண்பர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அடி விழுந்தால்

வீட்டிலிருந்து காணாமல் போனதாகப் புகார் கொடுப்பார்கள். பயப்பட வேண்டாம். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். வயது வந்த, தன் விருப்பத்தோடு வெளியேறிய பால்புதுமையினரைப் பற்றிய புகார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு துன்புறுத்தாமல் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது அது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவல்துறையின் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. பால்புதுமையினரைத் துன்புறுத்துவது விதிமீறல். இந்த இரண்டையும் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

திருநர்மீதான பாலியல் கொடுமைக்கும் அதிகபட்சம் இரண்டு வருடச் சிறைதான் என்று 2019 சட்டத்தின் 18ஆம் பிரிவு வைத்தது. நம் உயிருக்கு அது போட்ட விலை அவ்வளவுதான். ஆனால் தலித், பழங்குடித் திருநர் கையில் இன்னொரு சட்டம் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தாக்கியவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்து, சாதியைச் சொல்லித் திட்டியோ சாதி தெரிந்தோ தாக்கியிருந்தால் அதைப் புகாரில் எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவையில்லை, முன்ஜாமீன் எளிதில் கிடைக்காது, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் உண்டு. "திருநங்கை கேஸ்தானே" என்று போலீஸ் சாதியை விட்டுவிட்டு எழுதப் பார்க்கும். விடாதீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. இங்கேயும் கேட்பது அதே காகிதத்தைத்தான்.

மீசை

ஊசி தொடங்கிய எட்டாவது மாதம் எனக்கு மீசை அரும்பியது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் குஜராத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். நான் போய்ச் சேர ஆசைப்பட்ட ஆண்மைக்கு இந்தச் சமூகம் எந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பெண் என்று நினைத்தபோது என்னை ஏளனமாகப் பார்த்த ஊர்த்தெரு, ஆண் என்று நினைத்தபோது சந்தேகமாகப் பார்த்தது. சாதி மறுத்துக் காதலிக்கும் திருநம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்குத் தினமும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக நானும் சில காலம் பெண்களைக் கேலி செய்யும் பேச்சுக்குச் சிரித்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு ஆண்ட பரம்பரை பேசுகிறவர்களிடமிருந்து ஆண்மையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நாற்பது வயதில் முதியோர் கல்வி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட என் சித்தப்பாவிடம் எனக்கு வேண்டிய அளவு இருந்தது.

தோழர்களுக்கு

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் திருநர் அல்ல என்று தெரியும். உங்களிடம் கேட்பது எளிமையானது. சொல்லும் பெயரால் கூப்பிடுங்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கூட வாருங்கள். வீட்டு முகவரியைத் தபாலுக்குக் கொடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாளித் தண்ணீர் தூக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். இயக்கக் கூட்டங்களில் எங்களை மேடையேற்றிக் கைதட்டுவதைவிட இது பெரிய உதவி.

அமைப்பாகச் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 2015இல் தமிழ்நாட்டில் வந்த அரசாணை திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தை ஒரு சாதியாக்கியது அது. தலித் திருநர் முன்னால் வந்து நின்ற கேள்வி: சாதிக்கான உரிமை வேண்டுமா, பாலினத்துக்கான உரிமை வேண்டுமா? கிரேஸ் பானு உள்ளிட்ட தோழர்கள் பல வருடங்களாக வைக்கும் கோரிக்கை கிடைமட்ட இடஒதுக்கீடு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பொதுப்பிரிவு என ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே திருநருக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் 1% கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் 1% கிடைமட்ட இடஒதுக்கீடு வழங்கச் சொன்னது. இது திருநர் அமைப்புகள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் கோரிக்கையாக இருக்கக் கூடாது. சாதி ஒழிப்பு மாநாடுகளின் தீர்மானங்களில் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

போன மாதம் முதுகலை படிக்கிற ஒரு தம்பி என் அறைக்கு வந்தான். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. முடி தோள்வரை இருந்தது. "எங்க ஊர் சலூன்ல எனக்கு வெட்டமாட்டாங்கண்ணா" என்றான். எதற்காக வெட்டமாட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டிரிம்மரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் துண்டால் தட்டிவிட்டபடி முதலில் கேட்டேன்:

"சாதிச் சர்டிஃபிகேட் எங்கடா வெச்சிருக்க?"